சஹன்ல என் பக்கம்

பேட்டை
20 ஜூலை 2025

அன்புள்ள வாப்பாவுக்கு அர்ஷியா எழுதுதேன். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கன உம்மாவும் ஆமிரும் நல்ல சொகம். என் சொகத்தப் பத்தித்தான் இந்தக் கடுதாசியே. நீங்க சொகமா? காது எப்படி இருக்கு? நான் விசாரிச்சேன்னு அதுகிட்ட சொல்லுங்க, அதுக்குக் கேக்கவா போவுது.

ஃபோன்ல பேசலாம்தான். ஜெனரேட்டர் வேலையில நின்னு நின்னு காது மந்தமாயி, நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்லுதீங்க. வாட்சப்புல அனுப்புனா உங்க ரூம்ல இருக்குத அலி அஸ்கர் மாமா ஃபோனுக்குத்தான் அனுப்பணும். அவரு உங்க காதுக்கு ஏத்த மாதிரி சத்தமா வாசிச்சா கேம்பு முழுக்கக் கேக்கும். இது அப்படி வாசிக்குத விஷயம் இல்ல. அதான் லீவு முடிஞ்சி தமாமுக்குத் திரும்புத தேவசிகாமணி அண்ணாச்சி கையில குடுத்து விடுதேன்.

விஷயம் இதான். நான் எடை குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கிடப் போறேன். டாக்டர் இன்பமணின்னு ஒரு பொம்பளை டாக்டர். பதினேழு வயசுல வந்த சுகருக்கு ஊசி மேல ஊசி ஏத்திக்கிட்டே போறதுல அர்த்தம் இல்ல, உன் எடைதான் அதப் போவ விடாமப் பிடிச்சி வெச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. இரைப்பையில ஒரு சின்னக் கிண்ணம் அளவு மட்டும் பிரிச்சி, குடலைக் கொண்டாந்து அதோட சேத்துத் தைப்பாங்க. வயித்தக் கிழிக்க மாட்டாங்க, சின்னச் சின்ன ஓட்டைதான்.

கண் டாக்டரும் பாத்தாச்சி. உள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்காம். எனக்கு இருவத்தி மூணு வயசு வாப்பா. உங்க காது போன மாதிரி என் கண்ணும் போவணுமா?

காலேஜ விட்டவ, மொபைல் கடை வேலைய விட்டவ, ஜெராக்ஸ் கடை வேலைய விட்டவ, இதையும் பாதியில விட்டுருவான்னு நெனப்பீங்க. வயித்தப் பாதி தச்சிக்கிட்டு இருக்கும்போது யாரும் எந்திரிச்சி வர முடியாது. அதனால இத முடிச்சிருவேன்.

நான் கேக்கல, சொல்லுதேன். ஆனா நீங்க சரின்னு எழுதுனாத்தான் ஆஸ்பத்திரில கையெழுத்துப் போடுவேன்னு உம்மா நிக்கா. சீக்கிரம் எழுதுங்க. உடம்பப் பாத்துக்கிடுங்க.

வஸ்ஸலாம்,
உங்க அர்ஷியா


தமாம்
12 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் அர்ஷியாவுக்கு வாப்பா தாஜ் முகம்மது எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் உதவியால இங்க நான் நல்ல சுகம். அதுபோல நீயும் உம்மாவும் தம்பியும் சுகமா இருக்கணும்னு துஆ செய்யுதேன். வெயிலு கடுமை. ஜெனரேட்டரு நல்லா ஓடுது.

உன் கடுதாசிய நாலு தடவ வாசிச்சேன். எனக்கு இது சரியாப் படல. எனக்கும் சுகர்தான். காலையில மாத்திரை, ராத்திரி மாத்திரை, வேலையப் பாக்கேன். நீ நடந்து பாரு. மதியச் சோத்தக் கொறச்சிப் பாரு.

இன்னொண்ணு. நம்ம வீட்டுல ஒரே பெரிய சஹன் தட்டுலதான் நாலு பேரும் சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். எல்லாரும் முடிக்க முன்ன யாரும் கை எடுக்கக் கூடாதுன்னு எங்க வாப்பா சொல்லி வளத்தாரு. பைய சாப்பிடுதவன் வெக்கப்பட்டுக்கிட்டு அரைப் பசியோட எந்திரிச்சிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான். உங்க ரெண்டு பேருக்கும் நான் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான். இனி நாலு வாயோட நீ கை எடுத்துட்டா மிச்சம் உள்ளவங்க என்ன செய்யுறது? எந்திரிக்கவா, உக்காந்து திங்கவா?

யோசிச்சி எழுது. வேற ஒரு விஷயம் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். உங்க காலேஜுல லிஃப்ட் உண்டா?

உம்மாவுக்கு சலாம் சொல்லு. ஆமிரைப் படிக்கச் சொல்லு.

துஆவோடு,
வாப்பா


பேட்டை
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க சொகம். உங்க சொகம் கடுதாசில எழுதுத அளவுக்கு நெசமாவும் இருக்கட்டும்.

நடந்து பாத்தாச்சி வாப்பா. ஒரு வருஷம் ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். அஞ்சி கிலோ குறைஞ்சி ஏழு கிலோ கூடிச்சி. ஊசி போட்டா பசிக்கும், பசிச்சாத் திம்பேன், தின்னா இன்னும் ஊசி. டாக்டர் இதச் சொன்னப்போ எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சி. இத்தன வருஷம் எல்லாரும் என்னச் சோத்து மூட்டைன்னு சொன்னீங்க, ஒருத்தராவது இதச் சொன்னீங்களா?

சஹனப் பத்தி எழுதியிருந்தீங்க. நானும் எழுதுதேன். எப்பவும் முதல்ல முடிக்குதது நான்தான். முடிச்சிட்டு கை எடுக்கக் கூடாதுன்னு உங்க சட்டம் இருக்குல்லா, அதனால சும்மா உக்காராம உம்மா பக்கமாப் போயி அவ பங்குலயும் கை வைப்பேன். நீங்க பாத்துக்கிட்டே இருப்பீங்க. உங்க கறித்துண்ட பைய என் பக்கமா நவுத்தி விடுவீங்க. உம்மா எத்தன நாள் அரை வயித்தோட எந்திரிச்சாளோ.

அதோட, நீங்க பேட்டைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சி. உங்க பக்கம் காலியாத்தான் கெடக்கு. தமாம்ல தனித் தட்டுல தின்னுக்கிட்டு எனக்குச் சஹன் சட்டம் எழுதுதீங்க.

மேலத்தெரு மாமி வந்து, மாப்பிள்ளை கெடைக்க வேண்டியா வயித்த அறுக்கான்னு கேட்டா. இல்ல மாமி, மாப்பிள்ளை வந்தா அவன் மூஞ்சி கண்ணுக்குத் தெரியணும்லா, அதுக்குத்தான்னேன். உம்மா சிரிச்சிட்டா. ரொம்ப நாள் கழிச்சி அவ சிரிச்சா. அவளும் உங்க சரிக்காவத்தான் காத்துக்கிட்டு கெடக்கா, வெளிய சொல்ல மாட்டா.

பதில் எழுதுங்க. இல்லன்னு எழுதுனாலும் நல்லா எழுதுங்க.

வஸ்ஸலாம்,
அர்ஷியா


தமாம்
14 செப்டம்பர் 2025

அன்பு மகளுக்கு வாப்பா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். இங்க யாவரும் சுகம், அங்க உங்க சுகத்துக்கு துஆ.

சஹனப் பத்தி நீ எழுதுனது எல்லாம் நெசம். அதனால சரின்னு எழுதுதேன்.

உன் கல்யாணத்துக்குன்னு சேத்து வெச்சதுல இருந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிடச் சொல்லி உம்மாவுக்குத் தனியா ஒரு சீட்டு எழுதி உள்ள வெச்சிருக்கேன். நகை பின்னால போட்டுக்கிடலாம்.

ஆபரேஷனுக்கு முன்ன ரெண்டு வாரம் தண்ணியாகாரம்தான்னு உம்மா ஃபோன்ல சொன்னதா அலி அஸ்கர் சொன்னான். அத நீ விவரமா எழுது. எந்த நேரத்துக்கு என்ன குடிக்கணும், எவ்வளவு குடிக்கணும், என்னைக்கு ஆரம்பம், எல்லாம். தெரிஞ்சா துஆ கேக்க வசதியா இருக்கும்.

உம்மாவுக்கு ஒரு தைலமும் ஆமிருக்கு ஒரு வாட்சும் குடுத்து விட்டுருக்கேன். உனக்கு என்ன அனுப்பணும்னு தெரியல. எப்பவும் பேரீச்சம்பழமும் சாக்லேட்டும் வாங்குவேன். கடையில போயி நின்னு பாத்துட்டுச் சும்மா திரும்பிட்டேன். கைக்குட்டை வெச்சிருக்கேன்.

லிஃப்ட் பத்தி நீ எழுதல.

துஆவோடு,
வாப்பா


பேட்டை
26 செப்டம்பர் 2025

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சொகம். கைக்குட்டை நல்லா இருக்கு.

உம்மா உங்க சீட்ட வாசிச்சிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. செத்த நேரம் கழிச்சி வந்து, ஏட்டி, எந்தப் பேனாவுல கையெழுத்துப் போடணும்னு கேட்டா. அவ்வளவுதான்.

அக்டோபர் 14 ஆபரேஷன். முப்பதாம் தேதில இருந்து தண்ணியாகாரம். கல்லீரல்ல கொழுப்பு ஏறி வீங்கிக் கெடக்காம், அது சுருங்குனாத்தான் கருவி உள்ள போவ வழி கெடைக்கும். நீங்க கேட்ட விவரம்: காலையில ஒரு தம்ளர் புரோட்டீன் மாவு கலக்குன பால், பதினோரு மணிக்கு உப்புப் போடாத மோரு, மதியம் வடிகட்டுன காய்கறி சூப்பு, சாயங்காலம் சீனி இல்லாத டீ, ராத்திரி திரும்ப மாவு. சோறு கெடையாது, பழம் கெடையாது, பிஸ்கட்டு கெடையாது. துஆவுக்கு மணிக்கணக்கு எதுக்குன்னு உம்மா கேக்கா. நானும் கேக்கேன்.

ஒரு சாமான் குடுத்திருக்காங்க. மூணு குழாய், மூணு பந்து. மூச்ச உள்ள இழுத்தா பந்து மேல ஏறணும். மயக்க மருந்துக்கு நெஞ்சு தயாராவணுமாம். முதல் நாள் எனக்கு ஒரு பந்துதான் ஏறிச்சி. ஆமிர் பிடுங்கி ஒரே இழுப்புல மூணையும் ஏத்திட்டு, இவ்வளவுதானான்னு கேட்டான். மூதி. அன்னையில இருந்து நானும் விடல. நேத்து ரெண்டு ஏறிட்டு. ஆபரேஷனுக்குள்ள மூணும் ஏறும், எழுதி வெச்சிக்கிடுங்க.

பயமான்னு கேக்காதீங்க. கேட்டா ஆமான்னு சொல்லணும்.

பத்தமடைக்காரர் ஒருத்தரு நாளைக்குத் திருவனந்தபுரத்துல பிளேன் ஏறுதாரு. அதான் அவசரமா முடிக்கேன்.

துஆ செய்யுங்க, மணி பாக்காம.

அர்ஷியா


பேட்டை
24 அக்டோபர் 2025

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் உசுரோட இருக்கேன். சொகமான்னு கேட்டா, கொஞ்சம் கொஞ்சமா சொகம்.

வாப்பா, நான் செஞ்சிட்டேன்.

காலையில உள்ள கொண்டு போனாங்க, மதியம் முழிச்சேன். முழிச்சதும் வயிறு வலிக்கல, தோள்பட்டை வலிச்சிது. வயித்த ஊதுன காத்து மேல ஏறி அங்க நிக்குமாம். நடந்தாத்தான் போவும்னாங்க. அன்னைக்குச் சாயங்காலமே நர்ஸ் வந்து எந்திரிக்கியான்னு கேட்டா. உம்மா வேண்டாம் வேண்டாம்னா. நான் காலத் தொங்கப் போட்டு எந்திரிச்சி வராண்டா கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். பக்கத்து ரூம்ல அதே ஆபரேஷன் பண்ண ஆறடி ஆம்பளை ஒருத்தரு படுத்துக்கிட்டே என்னப் பாத்தாரு. நான் சலாம் மாதிரி கையக் காட்டிட்டுப் போனேன்.

மருந்து குடிக்குத சின்னக் கப்புல தண்ணி தருவாங்க. அத ஒரு மடக்குல குடிக்கப்படாது, கால் மணி நேரம் வெச்சி நக்கி நக்கிக் குடிக்கணும். தண்ணிக்கு ருசி உண்டுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிது. நம்ம ஆத்துத் தண்ணி வாப்பா, இத்தன வருஷம் சும்மா ஊத்திக்கிட்டேன்.

பெரிய சேதி இனிமேதான். வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு டாக்டர் இன்பமணி என் சுகரப் பாத்துட்டு, ஊசி வேண்டாம்னுட்டாங்க. நாலு வேளை ஊசி வாப்பா. தொடையிலயும் வயித்துலயும் குத்தாத எடம் கெடையாது. ஒண்ணு கூட வேண்டாம். சுகர் போயிட்டான்னு கேட்டேன். போவல, உக்காந்திருக்கு, நீ கவனிக்காட்டி எந்திரிச்சி வரும்னாங்க. உக்காந்தே இருக்கட்டும், எனக்கு அது போதும். பந்து மூணும் ஏறிச்சி, சொல்ல மறந்துட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்சதும் உம்மா அலி அஸ்கர் மாமாவுக்கு ஃபோன் போட்டா. நீங்க தூங்குதீங்கன்னு சொன்னாராம். பட்டப்பகல்ல தூங்குத ஆளா நீங்க? அந்த நாள்லயா?

உடம்பப் பாத்துக்கிடுங்க. கண்டிப்பா எழுதுங்க.

அர்ஷியா


பேட்டை
23 நவம்பர் 2025

வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க சொகம். நீங்க சொகமான்னு இந்தத் தடவ கேக்கப் போறதில்ல, எனக்குத் தெரியும்.

அலி அஸ்கர் மாமா லீவுல வந்திருக்காரு. மேலப்பாளையத்துல இருந்து நேத்துத்தான் வந்து எட்டிப் பாத்தாரு. கடுதாசி எங்கன்னு கேட்டேன். தாஜு காக்கா கை ஒழியலன்னாரு. கை ஒழியாம என்ன வேலைன்னேன். மொதல்ல சிரிச்சாரு, பெறவு உம்மா முகத்தப் பாத்துட்டு எல்லாத்தையும் கொட்டிட்டாரு. எங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்களாமே. அவருகிட்டயா?

துஆவுக்கு மணிக்கணக்கு கேட்டது இதுக்குத்தானா வாப்பா? நான் இங்க காலையில மாவுப் பாலு குடிச்சா நீங்க அங்க மாவுப் பாலு. நான் மோரு, நீங்க மோரு. கேம்பு மெஸ்ல கறியும் சோறுமா கப்ஸா வெச்சிருக்கும்போது நீங்க ரூம்ல சூப்பு வடிகட்டிக்கிட்டு இருந்தீங்களாம். ஆனா காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் அப்படியே முழுசா முழுங்கிருக்கீங்க. ஒம்பதாம் நாளு சுகரு தரை தட்டி ஜெனரேட்டர் பக்கத்துல விழுந்து, புருவம் கிழிஞ்சி, வலது மணிக்கட்டு எலும்பு விட்டு, கம்பெனி ஆஸ்பத்திரில படுத்திருக்கீங்க. எனக்கு ஆபரேஷன் நடக்கும்போது நீங்க கட்டுப் போட்ட கையோட தொழுகை விரிப்புல இருந்தீங்களாம். தூங்குதாருன்னு அவரச் சொல்ல வெச்சது நீங்க.

எனக்குத் தண்ணியாகாரம் ஆரம்பிச்ச அன்னைக்கே டாக்டர் ஊசியப் பாதிக்கும் கீழ குறைச்சிட்டாங்க. நீங்க என்ன குடிக்கணும்னுதான் கேட்டீங்க, நானும் அத மட்டும் எழுதுனேன். இன்னைக்கு டாக்டர்ட்ட சொன்னேன். என்ன மாத்திரை, எத்தனன்னு கேட்டாங்க. பெறவு, வாப்பா ஊருக்கு வந்தா நேரா எங்கிட்ட கூட்டிட்டு வரணும்னாங்க.

நீங்க செஞ்சது தியாகம் இல்ல, கிறுக்குப் பிடிச்ச கோட்டித்தனம். நீங்க விழுந்து கெடந்த எடத்துல யாரும் வராமப் போயிருந்தா, நான் எந்தச் சுகரக் குறைச்சி என்ன பிரயோசனம்?

இன்னொண்ணும் அவரு சொன்னாரு. நான் எழுதுன கடுதாசிய, சத்தம் போட்டு யாரும் வாசிக்கப்படாதுன்னு கை கையா மாத்தி அனுப்புன கடுதாசிய, நீங்களே மெஸ்ல நின்னு வாசிச்சிக் காட்டுனீங்களாம். என் மக அறுத்துக்கிட்ட அன்னைக்கே நடந்துட்டா வேய்னு மலையாளத்துக்காரன் வங்காளத்துக்காரன் ஒருத்தர விடலையாம். உங்க காதுக்கு உங்க சத்தம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியாது. இப்போ என் வயித்தப் பத்தி கேம்பு முழுக்கத் தெரியும்.

அதுக்கு நான் கோவப்படல. எழுதுனாப் போதும். எடது கையால எழுதுனாலும் சரி.

அர்ஷியா


தமாம்
14 டிசம்பர் 2025

அன்பு மகள் அர்ஷியாவுக்கு வாப்பா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். இந்தத் தடவ நெசமாவே எழுதுதேன். கட்டுப் பிரிச்சாச்சி. எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ.

நீ ஏசினது எல்லாம் சரி. மாத்திரைய இங்க டாக்டரு குறைச்சிக் குடுத்திருக்காரு. இப்போ சோறும் சப்பாத்தியும் நேரத்துக்குச் சாப்பிடுதேன். மெஷின் வாங்கி நானே விரல்ல குத்திப் பாக்கேன். ஜெனரேட்டர் வேலைய மாத்தி ஸ்டோர்ல உக்கார வெச்சிருக்காங்க.

ஏன் செஞ்சேன்னு உம்மா கேட்டாளாம். பெருசா ஒண்ணும் இல்ல. நீ அங்க பசியோட கெடக்கும்போது எனக்கு இங்க தட்டுல கை போவல. நம்ம வீட்டுல ஒருத்தரு முடிக்காம இன்னொருத்தரு எந்திரிக்க மாட்டோம். ஒருத்தரு பட்டினியா இருக்கும்போது எப்படித் திங்கிறதுன்னு எங்க வாப்பா சொல்லித் தரல. எனக்குத் தெரிஞ்சத நான் செஞ்சேன்.

நீ என்ன சாப்பிடுத இப்போ? மெஸ்ல எல்லாரும் கேக்காங்க.

துஆவோடு,
வாப்பா


பேட்டை
18 ஜனவரி 2026

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்க கோணல் எழுத்து வந்து சேந்துச்சி. உம்மா அத மடிச்சி அரிசி டப்பாக்குள்ள வெச்சிருக்கா, ஏன்னு கேக்காதீங்க.

மெஸ்ல கேக்கவங்களுக்குச் சொல்லுங்க: ஒரு முட்டை, ஒரு சின்னத் துண்டு மீனு, ரெண்டு ஸ்பூன் கொழைஞ்ச சோறு. அதுக்கு மேல போனா நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி நிக்கும். ஒவ்வொரு வாயையும் கூழாவுத வரைக்கும் மெல்லணும். சத்து மாத்திரை சாவுத வரைக்கும். முடி கொட்டுது, சீப்பு நெறைய வருது. ஆறு மாசத்துல நின்னு முளைக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உம்மாதான் கொட்டுன முடியப் பாத்து அழுதா. முடி போனா முக்காடு இருக்குன்னேன்.

எல்லா நாளும் வீரமா இல்ல, அதையும் எழுதுதேன். போன வாரம் சொந்தத்துல அக்கா முறை ஃபஹ்மிதா லாத்தாவுக்குக் கல்யாணம். பொம்பளைங்க பக்கம் சஹன் போட்டாங்க. நாலு பேருக்கு ஒரு சஹன், நெய்ச்சோறு மேல களறிக் கறி. தெரியாத பொண்ணுங்க மூணு பேரு. நான் ரெண்டு வாய் மென்னுக்கிட்டு இருக்கேன், அதுங்க முடிச்சிட்டுக் கை எடுத்துட்டுப் போயிட்டுதுங்க. அவ்வளவு பெரிய சஹன் முன்னால நான் மட்டும் ஒத்தையா. பெரிய ஆளா உக்காந்து தனியா ஒரு சஹன் திங்காப் பாருன்னு யாரோ சொல்லுதது கேட்டுச்சி. எந்திரிச்சி வந்துட்டேன். ஆட்டோல உம்மா தோள்ல சாஞ்சி அழுதேன். அன்னைக்குத்தான் உங்க சட்டம் எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சிது.

சரி, நல்ல சேதிக்கு வாரேன். முப்பத்தி ஒரு கிலோ குறைஞ்சிருக்கேன். கண்ணுல கசிவு கூடலன்னு கண் டாக்டர் சொல்லிட்டாங்க. உம்மா என் சுடிதாரப் பிடிச்சிக் குறைச்சித் தச்சிக்கிட்டே இருக்கா, மேலத்தெரு மாமிகிட்ட இது மூணாவது தடவை தைக்கேன்னு வேணும்னே சொல்லுதா.

நேத்து ஜங்ஷன் வரைக்கும் போனேன். அங்க இருந்து பஸ் ஏறிக் காலேஜுக்குப் போனேன். யாருட்டயும் சொல்லல. வாட்ச்மேனு பழைய ஆளுதான், அடையாளம் தெரியல அவருக்கு. மார்க் ஷீட் வாங்கணும்னு சொல்லி உள்ள போனேன். எங்க கிளாஸ் மூணாவது மாடி. ஒரு எடத்துலயும் நிக்காம ஏறுனேன். மேல போயி கதவு வழியாப் பாத்தேன். கை வைக்குத பலகை ஒட்டுன, அப்போ நான் உள்ள நுழைய முடியாத அதே நாற்காலி. அதுல ஒண்ணுக்குள்ள போயி உக்காந்தேன். இப்பவும் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனா உக்கார முடிஞ்சிது. செத்த நேரம் இருந்துட்டு இறங்கி வந்துட்டேன்.

திரும்பப் படிக்கப் போவல, கற்பனை பண்ணாதீங்க. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு பட்டறையில சாமான் வாங்கிப் போடுத வேலை கெடைச்சிருக்கு. நாள் முழுக்க அலைச்சல். எனக்கு அதான் சரி.

இல்ல வாப்பா. எங்க காலேஜுல லிஃப்ட் கெடையாது.

வஸ்ஸலாம்,
அர்ஷியா


தமாம்
15 பிப்ரவரி 2026

அன்பு மகளுக்கு வாப்பா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். சுகம். சுகர் மெஷின்ல பாத்துட்டுத்தான் எழுதுதேன், சுகம்.

உன் கடுதாசிய இந்தத் தடவ மெஸ்ல வாசிக்கல. எனக்குள்ள வெச்சிக்கிட்டேன்.

லிஃப்ட் இருக்காதுன்னு அப்பவே நெனச்சேன். நீ காலேஜ விட்ட அன்னைக்கு ஃபோன்ல உன்ன ஏசினேன். நீ ஒண்ணும் சொல்லல. நீ சொல்லி எனக்குக் கேக்கலையோன்னு ரொம்ப நாளு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

கம்பெனில கணக்கு முடிக்கச் சொல்லிட்டேன். நோன்புக்குள்ள வந்து சேந்துருவேன். திரும்பி வார மாதிரி டிக்கெட்டு போடல. உம்மாட்ட நீ பைய சொல்லு, ஒரேயடியாச் சொல்லிராத.

உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்? திங்கிற சாமான் இல்லாம ஏதாவது சொல்லு.

துஆவோடு,
வாப்பா


பேட்டை, நம்ம வீடு
பெருநாள் அன்னைக்கு அசர் தொழுகை நேரம்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும், ஈத் முபாரக். நீங்க உள் ரூம்ல படுத்திருக்கீங்க, நான் முன் ரூம்ல இருந்து எழுதுதேன். இத உங்க காதுல சொல்லணும்னா பேட்டை முழுக்கக் கேக்குத மாதிரி கத்தணும். காதுக்கு இனி மிஷின் வாங்குனாலும் நான் இப்படித்தான் எழுதுவேன், பழகிட்டு.

மொதல்ல டாக்டர் சொன்னது. உங்க சுகர் மூணு மாசக் கணக்கு குறைஞ்சிருக்கு. இந்த வருசம் நோன்பு வைக்க வேண்டாம்னு நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சிச் சொன்னாங்கல்லா, அப்போ நீங்க ரொம்ப நல்ல பிள்ளையா மண்டைய ஆட்டுனீங்க. வெளிய வந்து என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்க. அதனால திரும்ப எழுதுதேன். நோன்பு போன நாளுக்கெல்லாம் உம்மா ஏழைக்குச் சாப்பாடு குடுத்துட்டா. மாத்திரை காலையில பாதிதான். மறந்துராதீங்க.

என்ன ரெண்டு நிமிஷம் தள்ளி நிக்க வெச்சி மேலயும் கீழயும் பாத்துட்டு, அந்த டாக்டர்ட்ட போயி, இவ என் மகளாக்கும்னு சொன்னீங்க. அவங்களுக்குத்தான் தெரியுமே வாப்பா. ரிசப்ஷன்லயும் சொன்னீங்க, மருந்துக் கடையிலயும் சொன்னீங்க. ஆட்டோக்காரன் தெரியும் அண்ணாச்சி, நீங்க வரும்போதே சொன்னீங்கன்னுட்டான். அதுவும் உங்களுக்குக் கேக்கல.

இப்போ மதியம் நடந்ததுக்கு வாரேன்.

சஹன் வெச்சதும் எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சி. நோன்புல ஆளாளுக்கு ஒரு நேரம், ரெண்டரை வருசம் கழிச்சி இன்னைக்குத்தான் நாலு பேரும். உங்க பக்கம் நீங்க, என் பக்கம் நான். ஆமிர் அள்ளி அள்ளித் தின்னான். கொஞ்ச நேரத்துல உங்க கை பழைய மாதிரியே பெரிய கறித்துண்ட எடுத்து என் பக்கம் நவுத்திக்கிட்டு வந்துச்சி. பாதி வழியில நின்னுச்சி. உங்க மூஞ்சிய நான் பாக்கல, கையத்தான் பாத்தேன். அந்தத் துண்ட ரெண்டு விரலால பிச்சி, நகத்தளவு எடுத்து என் பக்கம் வெச்சீங்க. எலும்பு இல்லாம, கொழுப்பு இல்லாம. மிச்சத்த உம்மா பக்கம் தள்ளுனீங்க.

நான் மென்னேன். கூழாவுத வரைக்கும் மென்னேன். எனக்கு மூணு ஸ்பூன் சோறுதான், ஆனா ஒவ்வொரு வாய்க்கும் எவ்வளவு நேரம் ஆவுதுன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா. உம்மா முடிச்சிட்டா. நீங்க முடிச்சிட்டீங்க. ஆமிர் எப்பவோ முடிச்சிட்டான், அவன் சேக்காளிங்க வாசல்ல நின்னு ஏலே வால, ஏலே வாலன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அவன் உங்களப் பாத்தான். நீங்க சஹன் ஓரத்துல வெச்ச கைய எடுக்கல. அவனும் எடுக்கல. வெறும் பாத்திரத்துல மூணு கை, நடுவுல என் பக்கம் மட்டும் கொஞ்சம் சோறு.

எப்பவும் எல்லாருக்கும் முன்ன முடிச்சது நான். இன்னைக்கு எனக்காவ மூணு பேரு உக்காந்திருந்தீங்க. நான் அவசரப்படல வாப்பா. வேணும்னேதான் அவசரப்படல. கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். பசியோட எந்திரிக்கல.

இத எழுதி உங்க டீ தம்ளருக்குக் கீழ வெச்சிட்டு சாயங்கால வேலைக்குப் போறேன், பட்டறையில பெருநாளும் கெடையாது ஒண்ணும் கெடையாது. படிச்சிட்டு பதில் எழுதுங்க. ஆள் வரணும்னு காத்திருக்க வேண்டாம், வாசல் தாண்டுனா போதும்.

வஸ்ஸலாம்,
உங்க அர்ஷியா


(அதே கடுதாசிக்குப் பின்பக்கம்)

அன்பு மகளுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். சுகம்.

மதியம் நீ முடிக்க முன்ன என் சோத்துக் கை காஞ்சி போச்சி. பரவாயில்ல. நாளைக்கும் பைய சாப்பிடு.

வாப்பா